எடை குறைந்தது குழந்தையா, தராசா?

பால்வாடி டீச்சர்கள், ஆயாம்மாக்கள், தாய்மார் அனுப்பிய கேள்விகளுக்கு இந்தப் பக்கத்தில் பதில் சொல்கிறோம். இந்த முறை பாதிக் கடிதங்கள் எடை, உயரம் பற்றியே வந்திருந்தன. அதனால் அவற்றுக்கு இடம் கொஞ்சம் கூடுதல்.

போன மாதம் 11.2 கிலோ இருந்த குழந்தை இந்த மாதம் 10.8 காட்டுகிறது. காய்ச்சல், பேதி எதுவும் இல்லை. அளவுகளைப் பதியும் போஷன் டிராக்கர் செயலியில் ஏற்றினால் சூப்பர்வைசர் கேள்வி கேட்பார். அம்மாவிடம் சொன்னால் கோபப்படுகிறார். என்ன செய்ய?
— அங்கன்வாடிப் பணியாளர், திருவண்ணாமலை மாவட்டம்

முதலில் குழந்தையை விட்டுவிட்டுத் தராசைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவன அட்டவணைப்படி ஆண் குழந்தையின் நடுத்தர எடை ஒரு வயதில் 9.6 கிலோ, இரண்டு வயதில் 12.2 கிலோ. மாதக் கணக்கில் பிரித்தால் சுமார் 200 கிராம்தான் ஏறுகிறது. ஒரு டம்ளர் தண்ணீரும் 200 கிராம். போன மாதம் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, ஜீன்ஸும் கொலுசுமாக நின்ற பிள்ளையை இந்த மாதம் காலையில் வெறும் ஜட்டியோடு நிறுத்தினால் 400 கிராம் காணாமல் போகத்தான் செய்யும்.

தராசைச் சோதிக்கப் படிக்கல் தேடி அலைய வேண்டாம். ஒரு கிலோ உப்புப் பாக்கெட் ஐந்தை அடுக்கிப் பாருங்கள். ஐந்து கிலோ காட்ட வேண்டும்; உறையின் எடைக்காகச் சில கிராம் கூடலாம். எண்ணெய்ப் பாக்கெட்டை மட்டும் வைத்துவிடாதீர்கள். ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு கிலோ அல்ல, சுமார் 910 கிராம்தான். மூன்று முறை வைத்து எடுத்து, மூன்று முறையும் ஒரே எண் வருகிறதா என்று பாருங்கள். எண் தாவினால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள். அதன் பிறகும் தாவினால் தரையைச் சந்தேகப்படுங்கள். பாய், சாக்கு, சரிவான திண்ணை இவற்றின் மேல் வைத்த டிஜிட்டல் தராசு பொய் சொல்லும். சிமென்ட் தரையில் ஆடாத இடம் ஒன்றைத் தேர்ந்து, சுண்ணாம்பால் கட்டம் போட்டு, மாதாமாதம் அங்கேயே வையுங்கள்.

தாயையும் குழந்தையையும் சேர்த்து நிறுக்கும் தராசில் வேறு ஒரு தவறு நடக்கிறது. தாய் ஏறி நின்றபின் பொத்தானை அழுத்தி 0 வரவேண்டும். தாய் இறங்காமலேயே குழந்தையை அவர் கையில் கொடுக்க வேண்டும். இடையில் குழந்தையின் பொம்மையையோ கைபேசியையோ யாராவது நீட்டினால் அதுவும் குழந்தையின் எடையில் சேர்ந்துவிடும். தொங்கு தராசு வைத்திருப்பவர்கள் குழந்தையை உட்காரவைக்கும் ஜட்டிப் பையை மாட்டிய பிறகு முள்ளை 0-க்குக் கொண்டுவர வேண்டும். முள் உங்கள் கண் மட்டத்தில் இருக்க வேண்டும், கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் எண் மாறித் தெரியும். பழைய தராசில் ஸ்பிரிங் தளர்ந்து எடை கூடுதலாகக் காட்டும். அதற்குக் கைவைத்தியம் கிடையாது. மாற்றித் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாதத்தில் 300 கிராமுக்கு மேல் இறக்கம் தெரிந்தால், பதிவேற்றும் முன் மறுநாள் காலையில், சாப்பாட்டுக்கு முன், அரைஞாண் கயிறு தவிர எதுவும் இல்லாமல் இன்னொரு முறை நிறுத்துப் பாருங்கள். அப்போதும் குறைவு என்றால் அது உண்மையான குறைவு. அப்போது கேட்க வேண்டியவை: வீட்டில் புதுக் குழந்தை பிறந்திருக்கிறதா, அம்மா வேலைக்குப் போகத் தொடங்கினாரா, தாய்ப்பால் நிறுத்தினார்களா, வாயில் புண் இருக்கிறதா. தொடர்ந்து இரண்டு மாதம் எடை ஏறவில்லை என்றால் நர்சம்மாவிடம் அனுப்பிவிடுங்கள்.

ஒன்று மட்டும் கூடாது: போன மாத எண்ணோடு 200 கிராம் கூட்டி ஒப்பேற்றுவது. பல இடங்களில் இது நடக்கிறது. அப்படி எழுதினால் கேள்வி வராது, சரி. அந்தக் குழந்தைக்கு வரவேண்டிய கூடுதல் உணவும் வராது.

என் மகன் 23 மாதத்தில் 82.4 செ.மீ. இருந்தான். 24 மாதத்தில் 82.3 என்று அட்டையில் எழுதியிருக்கிறார்கள். குழந்தை குட்டையாகுமா?
— ஒரு தாய், தேனி

ஆகாது. அளந்த முறை மாறியிருக்கிறது. இரண்டு வயதுக்குள் படுக்கவைத்தும், இரண்டு வயது முடிந்ததும் நிற்கவைத்தும் அளக்க வேண்டும் என்பது விதி. நிற்கும்போது முதுகெலும்பு சற்று அழுந்துவதால் அளவு சுமார் 0.7 செ.மீ. குறையும். உங்கள் பையனின் 82.4 என்ற படுத்த அளவு, நின்ற கணக்கில் 81.7. அங்கிருந்து 82.3-க்கு வந்திருக்கிறான் என்றால் 0.6 செ.மீ. வளர்ந்திருக்கிறான்.

டீச்சர்களுக்கு: இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தை அழுது அடம்பிடித்து நின்றுதான் அளக்க முடிந்தது என்றால் 0.7 கூட்டுங்கள், மூத்த குழந்தையைப் படுக்கவைத்து அளந்தால் 0.7 கழியுங்கள். செயலியில் அளந்த விதத்தைக் கேட்டால் அதையே குறிப்பிடுங்கள், நீங்களும் கழித்து அதுவும் கழித்தால் இரட்டைப் பிழை. உச்சிக் கொண்டையும் பெரிய கிளிப்பும் ஒரு செ.மீ. கூட்டிவிடும், அவிழ்த்துவிட்டு அளங்கள். அளக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கணுக்காலையும் முழங்காலையும் பிடித்துக்கொள்ள, மற்றவர் தலையை நேராக வைத்து எண்ணைப் படிக்க வேண்டும். தனியாக அளப்பவர்களின் பதிவேட்டில்தான் ‘குட்டையாகும்’ குழந்தைகள் அதிகம்.

‘கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு’ என்று செயலி காட்டுகிறது. அம்மாவோ, “என் பிள்ளை ஓடியாடி விளையாடுது, நீங்க ஏன் சீக்காளி ஆக்குறீங்க?” என்கிறார். எப்படிப் புரியவைப்பது?
— அங்கன்வாடிப் பணியாளர், இராமநாதபுரம் மாவட்டம்

செயலியைக் காட்டிப் புரியவைக்க முடியாது. குழந்தையின் கையைக் காட்டுங்கள். கைச்சுற்றளவு நாடா எதற்கு இருக்கிறது?

இடது கையை மடக்கி, தோள் எலும்பு முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவில் பேனாவால் புள்ளி வையுங்கள். பிறகு கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு அந்தப் புள்ளியில் நாடாவைச் சுற்றுங்கள். சதை பிதுங்கினால் இறுக்கம் அதிகம். நாடாவுக்கும் தோலுக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தால் தளர்வு. 6 மாதம் முதல் 59 மாதம் வரை: 11.5 செ.மீ.-க்குக் கீழ் சிவப்பு, 11.5 முதல் 12.5-க்குள் மஞ்சள், 12.5-ம் அதற்கு மேலும் பச்சை. அதே வயதுள்ள, நாடா பச்சை காட்டும் குழந்தை ஒன்றின் கையையும் அந்தத் தாயையே அளக்கச் சொல்லுங்கள். வார்த்தை செய்யாததை நாடா செய்யும். ஆனால் இதை எல்லாத் தாய்மாரும் கூடியிருக்கும்போது செய்துவிடாதீர்கள். மறுமாதம் அவர் வரமாட்டார்.

அடுத்து, பாதம். இரண்டு புறங்கால்களிலும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்தி எடுங்கள். இரு பாதத்திலும் குழி நின்றால் அது நீர்க்கட்டு. அந்தக் குழந்தைக்கு எடை சரியாக இருந்தாலும், கை பச்சை காட்டினாலும் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயாக வேண்டும். வீங்கிய முகத்தை ‘கொழுகொழு’ என்று கொஞ்சுவது நம் ஊர் வழக்கம், அதனால்தான் இதைத் தனியாகச் சொல்கிறோம்.

காய்ச்சல், மூச்சிரைப்பு, சாப்பிட்டதெல்லாம் வாந்தி, வலிப்பு, சோர்ந்து கிடத்தல், உணவை முற்றிலும் மறுத்தல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் ஊட்டச்சத்து மறுவாழ்வு மையம் உள்ள அரசு மருத்துவமனைதான் வழி. இவை எதுவும் இல்லாமல் பசியெடுத்துச் சாப்பிடும் குழந்தையை மருத்துவ அலுவலரின் கண்காணிப்பில் வீட்டிலிருந்தே தேற்றலாம். “ஓடியாடுது” என்று அம்மா சொல்வது பொய்யல்ல, அது நல்ல அறிகுறி. அதை ஒப்புக்கொண்டே பேச்சைத் தொடங்குங்கள்.

தாய்க்குச் சொல்ல வேண்டிய உரிமை ஒன்றும் இருக்கிறது. 2013-ம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, அங்கன்வாடி வழியே சாதாரணக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 500 கலோரி. கடும் குறைபாடுள்ள குழந்தைக்கு 800 கலோரி. பட்டியலில் பெயர் வருவது அவமானம் அல்ல, கூடுதல் 300 கலோரிக்கான சீட்டு. தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டமும் இந்த அளவீடுகளை வைத்துத்தான் குழந்தைகளைத் தேர்ந்தெடுக்கிறது.

சத்துமாவைக் கஞ்சியாகக் காய்ச்சித் தருகிறேன். ஒரு டம்ளர் குடித்ததும் வயிறு நிறைந்துவிடுகிறது, எடை ஏறவில்லை. கெட்டியாகத் தந்தால் துப்புகிறாள். ஒன்றரை வயது.
— ஒரு தாய், விழுப்புரம் மாவட்டம்

நல்ல கேள்வி. பதில் மாவில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது. 10 கிலோ குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குச் சுமார் 300 மி.லி. கொள்ளும். இரண்டு ஸ்பூன் மாவை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சினால் வயிற்றின் பெரும்பகுதியைத் தண்ணீரே பிடித்துக்கொள்கிறது. பிள்ளைக்குப் பசி அடங்குகிறது, சத்து சேரவில்லை.

கெட்டியாகவும் இருக்க வேண்டும், தொண்டையில் இறங்கவும் வேண்டும். இதற்கு முளைகட்டிய கேழ்வரகு மாவு கைகொடுக்கும். தானியம் முளைக்கும்போது மாவுச்சத்தை உடைக்கும் ஒரு நொதி அதில் பெருகுகிறது. கெட்டிக் கூழில் ஒரு சிட்டிகை விழுந்தாலே கூழ் நெகிழ்ந்து இளகிவிடும். கலோரி ஒன்றும் குறையாது.

செய்முறை: கால் கிலோ கேழ்வரகைக் கழுவி இரவெல்லாம் ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். ஒன்றரை நாளில் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். வெயிலில் நன்றாகக் காயவைத்து, கைகளால் தேய்த்து முளையை உதிர்த்துப் புடைத்து, அரைத்துக்கொள்ளுங்கள். வறுக்க வேண்டாம். மணத்துக்காக வாணலியில் போட்டுச் சிவக்க வறுப்பவர்கள்தான் அதிகம். அதிகச் சூட்டில் நொதி செத்துவிடும், அப்புறம் அது வெறும் மாவு. காற்றுப் புகாத டப்பாவில் ஒரு மாதம் வைத்துக்கொள்ளலாம். பூசண வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

சத்துமாவை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு எடுத்து, களிப் பதத்துக்குக் கிண்டி இறக்குங்கள். விரல் வைத்தால் சுடும், ஆனால் கொதி அடங்கியிருக்கும் நிலையில் ஒரு தேக்கரண்டி முளை மாவைத் தூவிக் கிளறுங்கள். ஐந்து நிமிடத்தில் கரண்டியிலிருந்து வழியும். கொதிக்கும்போதே போட்டால் நொதி வேலை செய்யாது. ஆறிப்போன பிறகு போட்டாலும் மெதுவாகத்தான் இளகும். இளகியதும் மறுபடி ஒரு கொதி விட்டு இறக்கி, ஆறவைத்து ஊட்டுங்கள். காயவைத்த மாவில் கிருமி இருக்கக்கூடும் என்பதற்காகத்தான் இந்த இரண்டாவது கொதி.

இறக்கும்போது ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டால் 40 கலோரி கூடுகிறது, கிண்ணத்தின் அளவு கூடுவதில்லை. ஏழைக் குடும்பத்துக்கு இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. நெய் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கடலை எண்ணெய் போதும். ஒரு கைப்பிடி வேர்க்கடலை, சுமார் 20 கிராம், நூறு கலோரிக்கு மேல் தரும். பொடித்துத்தான் போட வேண்டும், முழுக்கடலை மூச்சுக்குழாயில் சிக்கும். அரசு தரும் சத்துமாவில் வெல்லம் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது, மேலும் சர்க்கரை வேண்டாம். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு ஒரு நாளில் ஐந்து வேளை, தாய்ப்பால் தொடரட்டும்.

இன்னொன்று. பாக்கெட் வீட்டுக்குப் போனதும் பெரியவர்கள் எல்லோரும் பங்குபோட்டுக்கொள்வது சகஜம். பசியுள்ள வீட்டில் அதைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. குழந்தையின் பங்கைத் தனி டப்பாவில் போட்டு, டப்பாவில் பெயர் எழுதி ஒட்டச் சொன்னால் ஓரளவு நிற்கிறது.

மையத்துக்கு வந்த அரிசியைக் களையும்போது சில மணிகள் மிதக்கின்றன. பிளாஸ்டிக் அரிசி என்று பெற்றோர் வாட்ஸ்அப்பில் பரப்புகிறார்கள்.
— அங்கன்வாடி உதவியாளர், கடலூர் மாவட்டம்

அது செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 கலந்து, மறுபடி அரிசி வடிவில் அழுத்திய மணிகளை 100-க்கு 1 என்ற கணக்கில் சாதாரண அரிசியில் கலக்கிறார்கள். கிலோவுக்கு 10 கிராம். நிறம் சற்று மாறியிருக்கும், சில மிதக்கும். பெற்றோர் முன்னிலையில் பத்து மணிகளை எடுத்துத் தண்ணீரில் வேகவைத்துக் காட்டுங்கள், வெந்து குழைந்துவிடும். பிளாஸ்டிக் குழையாது.

மிதப்பதை அள்ளிக் கொட்டினால் சத்தைத்தான் கொட்டுகிறீர்கள். ஐந்தாறு தண்ணீர் களைய வேண்டாம், கஞ்சி வடிக்காமல் அளவாகத் தண்ணீர் வைத்துப் பொங்குங்கள். தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ள குழந்தை இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்ட பிறகு கொடுங்கள்.

மூன்றரை வயது. பால்வாடியில் ஏபிசிடி எழுதக்கூடக் கற்றுத்தரவில்லை, பாட்டும் விளையாட்டும்தான். தனியார் பள்ளியில் பக்கத்து வீட்டுக் குழந்தை நோட்டு நிறைய எழுதுகிறது. நான் கூலி வேலை செய்பவள். கடன் வாங்கியாவது மாற்றிவிடலாமா?
— ஒரு தாய், சேலம்

கடன் வாங்காதீர்கள். மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. மூன்று வயதில் அவற்றில் பாதிகூட எலும்பாக இறுகியிருக்காது. அந்தக் கையில் பென்சிலைத் திணித்தால் குழந்தை முஷ்டியால் பிடித்து, முழுக் கையையும் அசைத்து எழுதும். அந்தப் பிடி பழகிவிட்டால் பிறகு மாற்றுவது கடினம். நோட்டு நிறைய இருப்பது பெரும்பாலும் டீச்சர் கைபிடித்து எழுதியது.

நல்ல பால்வாடியில் எழுத்துக்கு முந்தைய வேலை நடக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாட்டு அங்கன்வாடிகளுக்கென்றே ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்ற பாடத்திட்டம் இருக்கிறது. வயதுவாரியாகச் செயல்பாட்டுப் புத்தகமும் மதிப்பீட்டு அட்டையும் உண்டு. அட்டையைக் கேட்டுப் பாருங்கள், காட்ட வேண்டியது டீச்சரின் கடமை.

இதே கேள்வியைப் பெற்றோர் கேட்கிறார்கள் என்று ஆறு டீச்சர்கள் எழுதியிருந்தார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாக.

மெழுகுக் கலர் பென்சிலை மூன்று செ.மீ. துண்டுகளாக உடைத்துவிடுங்கள். பெற்றோர் பதறுவார்கள், பரவாயில்லை. நீளமான பென்சிலை முஷ்டியால் பிடிக்கலாம். துண்டைக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் சேர்ந்தால்தான் பிடிக்க முடியும். எழுதுகோல் பிடி தானாக வந்துவிடும். சாக்பீஸுக்கும் இதே விதி.

பழைய எவர்சில்வர் தாம்பாளத்தில் சலித்த மணலை விரல் பாதி மூழ்கும் அளவுக்குப் பரப்பி விரலால் எழுதவிடுங்கள். அதிகம் போட்டால் கோடு சரிந்து மூடிவிடும், குறைந்தால் தட்டில் விரல் வழுக்கும். மணலுக்குப் பதில் உப்பு வேண்டாம், கையில் புண் இருந்தால் எரியும். ஈரத் துணி பிழிவது, செய்தித்தாளைக் கிழித்துப் பந்து சுருட்டுவது, பல்லாங்குழியில் புளியங்கொட்டை போடுவது, சட்டைப் பொத்தான் மாட்டுவது எல்லாம் விரலுக்கான உடற்பயிற்சி. புளியங்கொட்டையை மூன்று வயதுக்குக் கீழுள்ளவர்கள் கையில் கொடுக்காதீர்கள், மூக்கில் போட்டுக்கொள்வார்கள். தொடங்கும்போது எண்ணிக் கொடுத்து, முடிந்ததும் எண்ணி வாங்குங்கள். எண்ணும் கணக்குப் பாடமும் ஆயிற்று.

கோடுகளுக்கு வரிசை உண்டு: நிற்கும் கோடு, படுத்த கோடு, சாய்ந்த கோடு, வட்டம், பிறகு வளைவு. இவை வந்தபின் ‘அ’வில் தொடங்க வேண்டாம். ‘அ’ பெரியவர்களுக்கு முதல் எழுத்து, பிஞ்சு விரலுக்குக் கடைசி எழுத்துகளில் ஒன்று. ட, ப, ம என்று நேர்கோட்டு எழுத்துகளில் தொடங்குங்கள். மூன்றும் வந்தால் ‘படம்’, ‘மடம்’, ‘பட்டம்’ கிடைத்துவிடுகின்றன.

இருபது பிள்ளைகள், மூன்று வெவ்வேறு வயதினர் கலந்து உட்கார்ந்திருக்கும்போது எல்லோருக்கும் ஒரே பாடம் நடத்தாதீர்கள். பாட்டும் கதையும் எல்லோருக்கும். பதினைந்து, இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பிறகு மூன்று பாய், மூன்று வேலை. டீச்சர் ஒரு பாயில் மட்டும் உட்கார்ந்து கற்பிக்கட்டும், மற்ற இரண்டும் தானாக ஓடும் விளையாட்டாக இருக்கட்டும். மத்திய அரசு 2024-ல் வெளியிட்ட ‘ஆதார்ஷிலா’ 3 முதல் 6 வயதுக்கு 48 வாரத் திட்டம் தருகிறது. ‘நவசேத்னா’ மூன்று வயதுக்குள்ளான குழந்தைகளுக்கு 140 செயல்பாடுகள் தருகிறது. பின்னது வீடு பார்க்கப் போகும்போது பயன்படும், ஒரு வீட்டுக்கு ஒரு செயல்பாடு போதும்.

தாய்க்குக் கடைசியாக ஒன்று: அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருக்கும் 2,381 அங்கன்வாடி மையங்களில் 2019-ல் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கப்பட்டது, கட்டணம் கிடையாது. உங்கள் பகுதியில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். தனியார் பள்ளிதான் வேண்டுமென்றால் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 25 சதவீத இடங்கள் இருக்கின்றன. நலிவடைந்த பிரிவில் விண்ணப்பிக்க ஆண்டு வருமானம் இரண்டு லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, பிறப்புச் சான்று, இருப்பிடச் சான்றைத் தயாராக வைத்துக்கொண்டு அறிவிப்புக்குக் காத்திருங்கள்.

இரண்டரை வயதுப் பையன் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. ‘அப்பனும் லேட்டாகத்தான் பேசினான்’ என்கிறார் பாட்டி. அனுப்புவதா, காத்திருப்பதா?
— அங்கன்வாடி உதவியாளர், கன்னியாகுமரி மாவட்டம்

அனுப்புங்கள். ஒன்றரை வயதில் தனிச் சொற்கள், இரண்டு வயதில் ‘அம்மா வா’ என்பது போல இரண்டு சொல் சேர்ப்பது வந்திருக்க வேண்டும். ஒரு வயதில் விரல் நீட்டிக் காட்டவில்லை என்றாலோ, பேசிக்கொண்டிருந்த சொல் எந்த வயதில் நின்றுபோனாலோ ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

முதல் பரிசோதனை காதுக்கு. பின்னாலிருந்து தட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு ‘காது கேட்குது’ என்று முடிவு கட்டாதீர்கள், தரை அதிர்வைக்கூடக் குழந்தை உணர்ந்து திரும்பும். ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வரும் பள்ளிச் சிறார் நல மருத்துவக் குழுவிடம் காட்டி, மாவட்ட இடையீட்டு மையத்துக்குப் பரிந்துரை வாங்குங்கள். குழு வர மாதங்கள் ஆகும் என்றால் நேரே அரசு மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்குப் போகலாம். செவித்திறன் இல்லை என்று தெரிந்தால், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் உள்காதில் கருவி பொருத்தும் காக்ளியர் அறுவைச் சிகிச்சை ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத்தான். அதனால்தான் பாட்டியின் கணக்கு இங்கே செல்லாது.

அதுவரை கைபேசியை எடுத்துவிட்டு, செய்யும் வேலையைப் பேசிக்கொண்டே செய்யச் சொல்லுங்கள். ‘தண்ணி ஊத்தறேன், தண்ணி சில்லுனு இருக்கு’ என்ற அளவில் போதும்.

செங்கல் சூளைக்கு வெளிமாநிலக் குடும்பங்கள் வந்திருக்கின்றன. ஆறு குழந்தைகள். ஆதார் இல்லை, தடுப்பூசி அட்டை இல்லை. சேர்த்துக்கொள்ளலாமா?
— அங்கன்வாடிப் பணியாளர், திருவள்ளூர் மாவட்டம்

சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டும். உணவு உரிமை குழந்தைக்கு, ஊருக்கு அல்ல. குழந்தையின் ஆதார் கட்டாயமில்லை. தாயின் ஆதாரை வைத்துப் பதியலாம். சொந்த ஊரில் ஏற்கெனவே பதிவு இருந்தால் புதிதாகப் போடாதீர்கள், இரட்டைப் பதிவாகி இரண்டு இடத்திலும் சிக்கும். டிராக்கரில் இடம்பெயர்ந்தோர் வசதி வழியாக மாற்றிக்கொள்ளுங்கள். முகப் பதிவுக்கு ஆதாரோடு இணைத்த கைபேசி எண்ணுக்குக் கடவு எண் வரும். அந்த சிம் பெரும்பாலும் கணவரிடமோ ஊரிலோ இருக்கும். ஆகவே மாலையில், கணவரும் சூளையிலிருந்து திரும்பிய நேரத்தில் போனால் ஒரே நடையில் முடியும்.

தடுப்பூசியை முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இடது தோளில் காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.யின் தழும்பு இருக்கிறதா என்று பார்த்து நர்சம்மாவிடம் சொல்லுங்கள். தட்டம்மை–ரூபெல்லா ஊசியை ஐந்து வயது வரை போடலாம். ஐந்து நோய்களுக்கான தடுப்பு ஒன்றாகச் சேர்ந்த பென்டாவலன்ட் ஊசியை முதல் முறையாகத் தொடங்க ஒரு வயதுதான் எல்லை. ஆகவே கைக்குழந்தைகளை முதலில் அனுப்புங்கள்.

எங்கள் குடியிருப்பில் 50 சிறு குழந்தைகள். மையம் இரண்டு கிலோமீட்டர் தள்ளி, நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம். புது மையம் கேட்க முடியுமா?
— ஒரு தந்தை, கிருஷ்ணகிரி மாவட்டம்

முடியும். 2006 டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின்படி, ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகளாவது இருந்து அங்கன்வாடி இல்லாத குடியிருப்பு கேட்டால், மூன்று மாதத்துக்குள் மையம் தர வேண்டும். வெறும் கோரிக்கை மனு பலன் தராது. குழந்தையின் பெயர், பிறந்த தேதி, தாயின் பெயர், வீட்டு எண் கொண்ட பட்டியலை இணைத்து, கையெழுத்து வாங்கி, கிராம சபையில் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்கு ஒன்றும், திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் ஆட்சியருக்கு ஒன்றும் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். உத்தரவின் தேதியை மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

அடுத்த ஆண்டு ஓய்வு. பணிக்கொடை எங்களுக்கு உண்டா?
— அங்கன்வாடிப் பணியாளர், மதுரை

குஜராத் பணியாளர்கள் தொடுத்த வழக்கில், பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் 1972-ம் ஆண்டு பணிக்கொடைச் சட்டம் பொருந்தும் என்று 2022 ஏப்ரல் 25 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தச் சட்டத்தின் கணக்கு (2025 நவம்பரில் அதன் இடத்துக்குச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது): கடைசி மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்க வேண்டும். 13,000 ரூபாய் சம்பளம், 30 ஆண்டு என்று வைத்துக்கொண்டால் 2,25,000 ரூபாய்.

கேட்பதற்கு ஆவணம் வேண்டும். நியமன ஆணை, மினி மையத்திலிருந்து முதன்மை மையத்துக்கு மாறிய ஆணை, பணிப்பதிவேட்டின் நகல் மூன்றையும் ஓய்வுக்கு முன்பே வாங்கிவிடுங்கள். வெளியே வந்த பிறகு பதிவேட்டைத் தேடித் தர அலுவலகத்தில் யாருக்கும் நேரம் இருக்காது. நியமன ஆணையில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் எழுத்துப் பிசகாமல் ஒன்றா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். தலைப்பெழுத்து ஒன்று மாறியிருந்தாலும் திருத்தச் சில மாதம் பிடிக்கும்.